நோய் வரைபடத்தில் இல்லாத இடம் பாதுகாப்பான இடமா? பூச்சி, உண்ணி, சிற்றுண்ணி பரப்பும் நோய்கள் பற்றி

மலைநடை:

காட்டுப் பாதை, புல்வெளி, மலைச்சரிவு என்று நடக்கப் போகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அந்தப் பக்கம் என்ன காய்ச்சல் இருக்கிறது என்று முன்கூட்டியே நோய்ப் பரவல் வரைபடத்தைப் பார்ப்பார்கள். நிறம் தீட்டியிருந்தால் முழுக்கைச் சட்டை, பூச்சி விரட்டி எல்லாம் பையில் ஏறும். வெள்ளையாக இருந்தால் அரைக்கால் சட்டையோடு கிளம்பிவிடுவார்கள்.

சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்கரப் டைஃபஸ் காய்ச்சல் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு இந்தப் பழக்கத்தின் மேல் நம்பிக்கை போய்விட்டது. பல பத்தாண்டுகளாகப் புத்தகங்களில் ஒரே படம்தான். வடக்கே ஜப்பானும் ரஷ்யாவின் தூரக் கிழக்கும், தெற்கே ஆஸ்திரேலியாவின் வடபகுதி, மேற்கே பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான். இந்த முக்கோணத்துக்குள்தான் நோய் என்றார்கள். 2006-ல் துபாய் போய்வந்த ஒருவருக்கு இதே காய்ச்சல் வந்தது. அவர் ரத்தத்தில் இருந்தது இதே குடும்பத்தின் புதிய கிருமி என்று 2010-ல் எழுதினார்கள். அதே 2006-ல் தென் அமெரிக்காவில், சிலியின் தெற்கே சிலோயே தீவில் ஒருவருக்கு வந்ததும் ஸ்கரப் டைஃபஸ்தான் என்று 2011-ல் கட்டுரை வந்தது. அதன்பின் தெற்குச் சிலியில் வரிசையாகப் பலருக்கு உறுதியானது. இடையில் ஒரு பெருங்கடலே இருக்கிறது!

இந்த வரைபடங்களை எவ்வளவு நம்பலாம்? அப்புறம், தடுப்பு என்றாலே கொசுவலை, கொசு மருந்து என்று பேச்சு நின்றுவிடுகிறதே, உண்ணிக்கும் சிற்றுண்ணிக்கும் என்னதான் செய்வது? விவரம் தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.

எட்டுக்கால்:

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கடிப்பது யார் என்று தெரிந்தால் முதல் கேள்விக்குப் பாதிப் பதில் தானாக வந்துவிடும்.

ஸ்கரப் டைஃபஸைப் பரப்புவது சிற்றுண்ணியின் இளம்பருவம் மட்டும். முட்டையிலிருந்து வந்ததும் அதற்கு ஆறு கால். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும், வெறும் கண்ணுக்குப் பெரும்பாலும் தட்டுப்படாது. புல் நுனியிலும் சருகின் மேலும் காத்திருந்து, எலியோ மூஞ்சூறோ மனிதனோ உரசினால் ஏறிக்கொள்ளும். வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் அப்படிக் கடிக்கும். பிறகு மண்ணுக்குள் இறங்கி, எட்டுக் காலோடு வளர்ந்து, மற்றப் பூச்சிகளின் முட்டைகளைத் தின்று வாழும்.

ஒரே தடவை கடிக்கும் பிராணி எப்படி நோயைப் பரப்ப முடியும் என்று கேட்கலாம். கிருமி தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வந்துவிடுகிறது. எலியிடமிருந்து வாங்கி மனிதனுக்குக் கொடுக்கும் கதை இங்கே முக்கியமில்லை. கிருமியின் நிரந்தர இருப்பிடம் சிற்றுண்ணிதான். எலி அதற்கு உணவு கொடுத்து இடம் மாற்றிவிடுகிறது, அவ்வளவுதான்.

இதனால் இந்த நோய் திட்டுத் திட்டாக இருக்கும். வெட்டிவிட்டு மறுபடி முளைத்த புதர், வயல் வரப்பு, ஓடைக்கரை, காடும் புல்வெளியும் சேரும் ஓரம், இங்கெல்லாம் குவிந்திருக்கும். கொஞ்ச தூரம் தள்ளி ஒன்றுகூட இருக்காது. ஒரு நாடு முழுவதற்கும் ஒரே நிறம் அடித்த வரைபடம் உங்கள் காலடியில் என்ன இருக்கிறது என்று எப்படிச் சொல்லும்?

இரவுப்பணி:

காய்ச்சல் வார்டில் வேலை செய்யும் மருத்துவர் நான். வரைபடம் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்பதற்கு என் பக்கத்துக் காரணம் ஒன்று இருக்கிறது: தேடாத நோய் கிடைக்காது.

கடித்து 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி. சிலருக்கு இருமல், சிலருக்கு வாந்தி. டெங்கு, டைஃபாய்டு, மலேரியா, எலிக்காய்ச்சல் எல்லாமே இப்படித்தான் தொடங்கும். காட்டிக்கொடுப்பது கடித்த இடத்தில் வரும் கறுப்புப் பொருக்கு. சிகரெட் சுட்ட வடு போல, சுற்றிலும் சிவந்து இருக்கும். வலிக்காது, அரிக்காது. அக்குள், இடுப்பு மடிப்பு, தொடை இடுக்கு, மார்பின் அடி, காதின் பின்புறம் என்று நோயாளியே பார்க்காத இடங்களில் இருப்பதால் அவர் சொல்லமாட்டார். மருத்துவர் ஆடை விலக்கித் தேடினால்தான் உண்டு. எல்லாருக்கும் வருவதும் இல்லை.

பரிசோதனையிலும் சிக்கல். பழைய வெயில்-ஃபெலிக்ஸ் ரத்தச் சோதனை பாதிப் பேரைத் தவறவிடும். ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் எலிசா சோதனை நல்லதுதான், ஆனால் முதல் சில நாள்களில் எதிர்மறையாக வரலாம். பொருக்கைச் சுரண்டி எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் செய்தால் துல்லியம். இந்த வசதிகள் இல்லாத ஊரில் "என்னவோ ஒரு வைரஸ் காய்ச்சல்" என்று கோப்பு மூடப்படும்.

இதில் எனக்கு வருத்தம் எதில் என்றால், மருந்து மலிவானது. டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலோருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் இருக்கிறது. மோசமான நிலையில் வருபவர்களுக்கு இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று இந்தியாவில் பல மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023-ல் காட்டியது. நோயின் பெயர் யாருக்கும் நினைவு வராததால் ஒருவர் இறந்தார் என்றால் அதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

தரவுமேசை:

வரைபடம் செய்கிறவர்கள் பக்கத்திலிருந்து ஒரு மறுப்பு. வெள்ளை என்றால் "இல்லை" என்று நாங்கள் சொல்வதில்லை. "பதிவு இல்லை" என்பதுதான் அர்த்தம். படிக்கிறவர்கள் அதை "இல்லை" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதற்காக வரைபடத்தையே தூக்கிப்போட முடியாது.

சில எல்லைகள் உயிரியல் போட்ட எல்லைகள். மலேரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி கொசுவின் உடம்புக்குள் முதிர்ந்து கடிக்கத் தயாராக 28 டிகிரி செல்சியஸில் சுமார் 10 நாள் போதும். 20 டிகிரிக்கு இறங்கினால் நான்கு வாரம் வரை இழுக்கும். அதற்குள் பெரும்பாலான கொசுக்கள் செத்துப்போகும். 16 டிகிரிக்குக் கீழே வளர்ச்சியே நின்றுவிடும். உயரமான மலையூர்களில் கொசு இருந்தும் மலேரியா இல்லாதது இதனால்தான். சராசரி வெப்பம் இரண்டு டிகிரி கூடினாலே கணக்கு மாறிவிடும் என்பதும் இதே காரணத்தால்தான். இந்த வகை வரைபடத்தை நம்பலாம். ஆனால் எந்த ஆண்டின் வெப்பநிலையை வைத்து வரைந்தது என்று பார்த்து நம்புங்கள்.

புதர்வேலி:

அப்படியானால் எல்லாவற்றுக்கும் வெப்பம்தான் காரணமா? இப்போது எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறார்கள்.

தரவுமேசை:

எல்லாவற்றுக்கும் இல்லை. வெப்பம் கதவைத் திறந்து வைக்கும். உள்ளே கொண்டுவந்து விடுவது பெரும்பாலும் நாம்தான்.

ஆசியப் புலிக் கொசு, அதாவது ஏடிஸ் அல்போபிக்டஸ், சொந்தமாகப் பறந்து போனால் சில நூறு மீட்டர்தான் போகும். அது 1979-ல் அல்பேனியாவிலும், 1985-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனிலும், 1990-ல் இத்தாலியிலும் கண்டுபிடிக்கப்பட்டது. முக்கியமான வாகனம் பழைய டயர். மழைத்தண்ணீர் தேங்கும், முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாது. கப்பல் ஏறிப் போய், அங்கே மழை பெய்ததும் பொரியும். கொசு போய்ச் சேர்ந்த 17 ஆண்டு கழித்து, 2007-ல், இந்தியாவிலிருந்து காய்ச்சலோடு போன ஒரு பயணியிடமிருந்து தொடங்கி இத்தாலியின் ராவென்னா பகுதியில் 200 பேருக்கு மேல் சிக்குன்குனியா வந்தது. 2010-ல் பிரான்ஸிலும் குரோவேஷியாவிலும் உள்ளூரிலேயே டெங்கு பரவியது.

இதைவிடப் பெரிய கவலை அனாஃபிலிஸ் ஸ்டெஃபன்ஸி. தெற்காசியாவின் நகரத்து மலேரியாக் கொசு. மற்ற அனாஃபிலிஸ் கொசுக்கள் வயல், குளம் என்று போகும்போது இது வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலும் கட்டட வேலை நடக்கும் இடத்துக் குழியிலும் முட்டையிடும். 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தென்பட்டது. அந்த ஆண்டு அங்கே பதிவான மலேரியா 27. 2020-ல் 73,000-ஐத் தாண்டியது. மலேரியாவைக் கிட்டத்தட்ட முடித்துவிட்ட ஒரு நாடு எட்டே ஆண்டில் அந்த நிலைக்குப் போனது. அதே கொசு பிறகு எத்தியோப்பியா, சூடான் என்று பரவியிருக்கிறது. ஆப்பிரிக்க மலேரியா கிராமத்து நோய் என்று சொல்லிக்கொண்டிருந்த வரைபடங்களை எல்லாம் மறுபடி வரையவேண்டியிருக்கிறது.

மலைநடை:

27-லிருந்து 73,000... படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

இன்னொன்று கேட்கவேண்டும். மனிதனுக்கு வரும்வரை காத்திருந்து வரைபடத்தில் புள்ளி வைப்பதற்குப் பதில், முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இல்லையா?

எட்டுக்கால்:

இருக்கிறது. பிராணிகளைப் பார்க்க வேண்டும்.

ஸ்பெயினில் கிரிமியன்-காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சல் மனிதருக்கு உறுதியானது 2016-ல். முதலில் உண்ணி கடித்த ஒருவர், அவரிடமிருந்து அவரைக் கவனித்த செவிலியர். ஆனால் 2010-லேயே அந்நாட்டின் மான்களிலிருந்து எடுத்த உண்ணிகளில் அந்த வைரஸைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஆறு ஆண்டு முன்னறிவிப்பு! இந்த வைரஸைச் சுமக்கும் ஹயலோமா உண்ணி, இளம்பருவத்தில் வலசைப் பறவைகள் மேல் ஒட்டிக்கொண்டு கண்டம் விட்டுக் கண்டம் போகும். கால்நடைச் சந்தை, கால்நடை லாரி வழியாகவும் போகும். எந்த எல்லைச் சாவடியிலும் நிறுத்த முடியாது.

கியாசனூர் காட்டு நோயில் முன்னறிவிப்பு குரங்கு. 1957-ல் கர்நாடகத்தின் ஷிமோகா பக்கம் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன, அதைத் தொடர்ந்து மனிதருக்குக் காய்ச்சல். ஹீமாஃபைசாலிஸ் உண்ணிதான் காரணம். ஐம்பது ஆண்டுக்கு மேல் அந்தப் பகுதியைத் தாண்டாத நோய் என்று இருந்தது. 2012-க்குப் பிறகு பந்திப்பூர், நீலகிரி, வயநாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் என்று மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகத் தென்பட்டது. புதிதாகப் போனதா, முன்பே இருந்து இப்போதுதான் கண்ணில் பட்டதா என்றால், இரண்டும் கலந்திருக்கலாம் என்பது என் கருத்து. காட்டில் குரங்கு செத்துக் கிடந்தால் கிட்டே போகாமல் வனத்துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் சொல்லவேண்டும். செத்த குரங்கிலிருந்து இறங்கும் உண்ணிகள் அந்த இடத்தைச் சுற்றித்தான் இருக்கும்.

புதர்வேலி:

இதெல்லாம் சரி. நடைமுறையில் ஒன்று கேட்கிறேன். காய்ச்சல் வந்தால் தெருத் தெருவாகப் புகை அடிக்கிறார்கள். அது போதாதா? சிற்றுண்ணிக்கும் அதையே அடித்தால் என்ன?

எட்டுக்கால்:

புகை பறக்கிற கொசுவை மட்டும் கொல்லும், அதுவும் அந்த வேளையில் வெளியே பறப்பதை. டெங்குக் கொசு வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியிலும் திரைக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கும். தொட்டி ஓரத்து முட்டைக்கும் தண்ணீரில் நெளியும் புழுவுக்கும் புகையால் ஒன்றும் ஆகாது. சில நாளில் புதுக் கூட்டம் வந்துவிடும். பெரிய பரவலின் நடுவில் வேகத்தைக் குறைக்க உதவலாம். அதையே தடுப்பு என்று காட்டுவது மக்களை ஏமாற்றுவதுதான்.

முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, பாத்திரத்தின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவவேண்டும். தேய்ப்பதுதான் முக்கியம், முட்டை நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும். இன்னொரு நல்ல வழியும் வந்திருக்கிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை வெளியே விட்டார்கள். அந்தப் பாக்டீரியா இருக்கும் கொசுவுக்குள் டெங்கு வைரஸ் எளிதில் பெருகாது. 2021-ல் வந்த முடிவில் டெங்கு 77 சதவீதம் குறைந்திருந்தது.

சிற்றுண்ணியோ மண்ணோடும் சருகோடும் இருப்பது. பறக்காது, குதிக்காது. புகை அதன் தலைக்கு மேலே போய்விடும்.

இரவுப்பணி:

எட்டுக்கால் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், இது அவசரமான விஷயம். வீட்டில் எலித் தொல்லை என்றால் உடனே எலி மருந்து வைப்பார்கள். பிளேக் இருக்கும் பகுதியில் அது ஆபத்து. எலி செத்தால் உடம்பு குளிர்ந்துவிடும், தெள்ளுப்பூச்சி அடுத்த ரத்தத்தைத் தேடிக் கிளம்பும். பிளேக்கைத் தெள்ளுப்பூச்சி கடத்துகிறது என்று 1898-ல் கராச்சியில் பால்-லூயி சிமோன் காட்டியதே இந்த வழியில்தான். முதலில் பூச்சிக்கு மருந்து, அதன்பின் எலி. இந்த வரிசையை மாற்றவே கூடாது. 1946-ல் நியூயார்க்கில் ஒரு குடியிருப்பில் ரிக்கெட்சியா அம்மை என்ற கொப்புளக் காய்ச்சல் வந்ததற்கும் எலிமேல் வாழும் வேறொரு வகைச் சிற்றுண்ணிதான் காரணம். காடே இல்லாத பெருநகரத்தில்!

மலைநடை:

அப்படியானால் நடக்கப் போகிறவர்கள் என்ன செய்யலாம் என்று ஒரே இடத்தில் யாராவது சொல்லுங்களேன்.

எட்டுக்கால்:

சொல்கிறேன். உண்ணிக்கும் சிற்றுண்ணிக்கும் பெரும்பகுதி பொதுதான்.

இரண்டும் கீழிருந்து மேலே ஏறுபவை. அதனால் கால்தான் முதல் அரண். பேண்ட்டை காலுறைக்குள் செருகுங்கள், சட்டையை பேண்ட்டுக்குள். வெளிர் நிறத் துணி என்றால் உண்ணி ஊர்வது தெரியும் (சிற்றுண்ணி தெரியாது, அதை எதிர்பார்க்காதீர்கள்). பாதையின் நடுவில் நடப்பது, புதரை உரசாமல் போவது, புல்லில் நேரடியாக உட்காராமல் படுக்காமல் விரிப்பு போடுவது. துணியைப் புதர்மேலோ புல்தரையிலோ உலர்த்தவே கூடாது.

தோலுக்கு டீட் அல்லது பிக்கரிடின் கலந்த விரட்டி. துணிக்கும் காலணிக்கும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி. பெர்மெத்ரின் தோலில் பூசுவதற்கில்லை, துணிக்கு மட்டும். என்னைக் கேட்டால் சிற்றுண்ணிக்கு எதிராகத் துணியில் ஏற்றிய மருந்துதான் அதிகம் உதவும், ஏனென்றால் அது பல மணி நேரம் துணிமேல் அலைந்துதான் மடிப்பைத் தேடிப் போகிறது.

திரும்பி வந்ததும் தாமதிக்காமல் சோப்புப் போட்டு உடம்பைத் தேய்த்துக் குளியுங்கள். இன்னும் ஊன்றிக்கொள்ளாத சிற்றுண்ணி போய்விடும். போட்டிருந்த துணியை வெந்நீரில் துவைக்கவேண்டும். பிறகு உண்ணி தேடல்: முழங்கால் பின்புறம், இடுக்கு, தொப்புள், தலைமுடிக்குள், குழந்தைகளுக்குக் காதின் பின்னால்.

புதர்வேலி:

ஒட்டியிருக்கும் உண்ணியின் மேல் எண்ணெய் விட்டால் அல்லது தீக்குச்சியால் சுட்டால் தானே விழுந்துவிடும் என்கிறார்கள்.

இரவுப்பணி:

தயவுசெய்து செய்யாதீர்கள். எரிச்சல்பட்ட உண்ணி தன் உமிழ்நீரையும் வயிற்றில் இருப்பதையும் காயத்துக்குள் கக்கலாம். கிருமி அதோடுதான் வரும். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல், ஒரே சீராக மேலே இழுங்கள். நசுக்காதீர்கள். வாய்ப்பகுதி உடைந்து உள்ளே நின்றால் எளிதாக வந்தால் எடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள், தோலே தள்ளிவிடும். பிறகு சோப்பாலோ ஆல்கஹாலாலோ துடைத்து, கடித்த தேதியைக் குறித்து வையுங்கள்.

சீக்கிரம் எடுப்பதில் பலன் உண்டு, ஆனால் நோய்க்கு நோய் அது மாறும். வட அமெரிக்காவின் லைம் நோய்க்கிருமி உண்ணியிலிருந்து உடம்புக்கு வரப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஆகும். உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான பொவாசன் வைரஸுக்குக் கால் மணி நேரம் போதும். ஆகவே "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விடவேண்டாம்.

மலைநடை:

டாக்ஸிசைக்ளினை முன்கூட்டியே விழுங்கிவிட்டுப் போகலாமா? தடுப்பூசி எதுவும்?

இரவுப்பணி:

ஸ்கரப் டைஃபஸ் நிறைந்த இடத்தில் குறுகிய காலம் தங்கும் படையினர் போன்றவர்களுக்கு வாரம் ஒருமுறை கொடுக்கும் முறை சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது, பலனும் இருந்தது. ஆனால் அதை மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும். நடைப் பயணம் போகிற ஒவ்வொருவரும் தானாக வாங்கி விழுங்குவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

மஞ்சள் காய்ச்சல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல், ஐரோப்பா, ரஷ்யா பக்கத்து உண்ணி மூளைக்காய்ச்சல், இவற்றுக்கு நல்ல தடுப்பூசி இருக்கிறது. போகும் இடம் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். உண்ணி மூளைக்காய்ச்சல் காய்ச்சாத ஆட்டுப்பால் வழியாகவும் வரும், கடிபடாமலே. ஸ்கரப் டைஃபஸுக்குத் தடுப்பூசி இல்லை. ஆகவே திரும்பி வந்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், எங்கே போனீர்கள், எதில் உட்கார்ந்தீர்கள் என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

தரவுமேசை:

அந்த ஒரு வாக்கியம் மருத்துவரின் குறிப்பில் ஏறினால்தான் எங்கள் வரைபடத்தில் புள்ளி விழும்.

நோய் போய்விட்டது என்று கண்காணிப்பைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை இருக்கிறது. 1963-ல் அந்த நாடு முழுவதும் பதிவான மலேரியா 17 பேருக்குத்தான். மருந்து தெளிப்பு நின்றது, ஆள்கள் கலைந்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் லட்சக்கணக்கானோருக்கு வந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கி, 2016-ல்தான் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு நோயாளியையும் தேடிப் பிடிப்பதால்தான் அது நிற்கிறது.

புதர்வேலி:

கடைசியாக ஒன்று. வீட்டில் பூனை இருக்கிறது. பெர்மெத்ரின் ஏற்றிய துணியை அதன் பக்கத்தில் வைக்கலாமா?

எட்டுக்கால்:

கேட்டது நல்லதாயிற்று. பூனையின் உடம்பால் பெர்மெத்ரினை உடைத்து வெளியேற்ற முடியாது; ஈரமான மருந்து பட்டால் வலிப்பு வந்து செத்துப்போகலாம். துணியை வீட்டுக்கு வெளியில் வைத்து மருந்து தெளியுங்கள், முழுவதும் காயும்வரை பூனையை அண்டவிடாதீர்கள். காய்ந்த பிறகு ஆபத்து மிகக் குறைவு. ஆனாலும் அதை மூடிய பெட்டியில் வையுங்கள், பூனை அதன்மேல் படுக்காமல் இருக்கும். நாய்களுக்கு முதுகில் விடும் உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் அதிக அடர்த்தியில் இருக்கும். அதைப் பூனைக்கு ஒரு சொட்டுகூட விடக்கூடாது. நாய்க்கு விட்ட அன்று இரண்டையும் தனித்தனியாக வைத்துவிடுங்கள்.